கேட்கத் தயங்காத இடம்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆணுறைப் பணி

எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பதற்காக ஆணுறைப் பயன்பாட்டைப் பரப்பும் பணி, அரசு கிடங்கிலிருந்து பெட்டிகளைப் பெற்று வந்து தேவைப்படுவோருக்குப் பகிர்ந்தளிக்கும் எளிய வேலை என்றே வெளியிலிருந்து நோக்குவோருக்குத் தோன்றும். அப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டோரின் பட்டறிவோ வேறு. ஆணுறை கிடைக்காமல் போன இடங்களைக் காட்டிலும், கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதைக் கேட்க வாயெழாமல் போன இடங்களே மிகுதி; ஏனெனில் இந்தச் சிறு பொருளைக் கேட்பவர் தம்மைப் பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்தே வெளியிடுகிறார் என்று கடைக்காரரும் காவலரும் வீட்டாரும் கருதுகின்றனர். கேட்பவர் மீது சந்தேகம் விழாத சூழலை உருவாக்குவதே இத்தொழிலின் உள்ளடக்கம் என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

சாலையும் சந்திப்பும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பழைய 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திண்டிவனத்தை அடையும்போது, கிழக்கே புதுச்சேரிக்கும் மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலைகள் அதிலிருந்து பிரிகின்றன. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய திசைகளின் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பாக விழுப்புரம் அமைந்துள்ளது. பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டத்தின் தலைநகரான இவ்வூரில் பெருந்தொழிற்சாலைகள் குறைவு; கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் ஆட்கள் வெளியூர் செல்வதும் திரும்புவதும், லாரிகள் தேநீருக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் நிற்பதும், மதுவிலை குறைந்த புதுச்சேரிக்கு மக்கள் சென்று வருவதுமே இவ்வட்டாரத்தின் அன்றாட இயக்கம். நோய்ப் பரவலியல் நோக்கில், தங்கி வாழும் மக்களைவிடக் கடந்து செல்லும் மக்களால் இடர் கூடும் இத்தகைய ஊர்களில், தடுப்புப் பணியின் முகவரியும் நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் சிலருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவு பெற்றுப் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1995இல், மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவ நிறுவனம், அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிதியுடன் 'ஏபேக்' என்னும் தடுப்புத் திட்டத்தை மேற்கொண்டது. இத்தகைய அமைப்புகள் ஊர்தோறும் இயங்கிய தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்து, 'இலக்கு மக்கள் திட்டம்' எனப்பட்ட பணியை ஒப்படைத்தன. இலக்கு மக்கள் என்போர், தொற்று வாய்ப்பு மிகுந்த சூழலில் வாழும் பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழிப் போதைப் பழக்கமுள்ளோர் ஆகியோரும், அவர்களோடு தொடர்புறும் லாரித் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர் முதலியோரும் ஆவர்.

நிரோத் விட்டுச்சென்ற மரபு

எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர் களத்தில் இறங்கியபோது ஆணுறை மக்களுக்குப் புதிய பொருளாக இருக்கவில்லை. 1968இல் குடும்ப நலத் திட்டத்தின்கீழ் 'நிரோத்' என்னும் பெயரில், தேயிலை, சோப்பு, பேட்டரி விற்கும் பெரிய நிறுவனங்களின் விற்பனை வலைப்பின்னல் வழியாக, மூன்று உறைகள் 15 பைசா என்னும் சலுகை விலையில் அது நாடெங்கும் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் அரசு நிறுவிய இந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை அதை உற்பத்தி செய்தது. சுவர்தோறும் வரையப்பட்ட சிவப்பு முக்கோணத்தோடு சேர்ந்து, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதற்கான சாதனம் என்றே அது மனத்தில் பதிந்தது.

இந்த முன்னறிமுகம் உதவியாகவும் தடையாகவும் இருந்தது. பொருளின் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை என்பது உதவி. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு பெரும்பாலும் பெண்களுக்குச் செய்யப்படும் கருத்தடை அறுவை சிகிச்சையாலேயே நிறைவேறியது என்பதும், தம்பதியரிடையே ஆணுறைப் பயன்பாடு எப்போதும் மிகச் சிறு அளவிலேயே இருந்துவந்தது என்பதும் தடை. இரண்டாம் பிள்ளைக்குப் பின் மனைவி 'ஆபரேஷன்' செய்துகொண்ட வீட்டில் ஆணுறைக்கு வேலையில்லை. ஆகவே அறுவை செய்துகொண்டவளின் கணவன் அதை வாங்கினால் அது வேறெங்கோ பயன்படப்போகிறது என்றே பொருளாயிற்று. குடும்ப நலத் திட்டத்தின் வெற்றியே நோய்த் தடுப்புப் பணியின் வழியில் இவ்வாறு குறுக்கிட்டது.

நெடுஞ்சாலையில்

லாரி ஓட்டுநரிடமும் கிளீனரிடமும் பேசுவதற்கு வாய்த்த நேரம் குறைவு. வண்டி நிற்பது உணவுக்கும், பஞ்சர் ஒட்டுவதற்கும், சரக்கு ஏற்றி இறக்கும் காத்திருப்புக்கும் மட்டுமே என்பதால், புக்கிங் அலுவலகம், பஞ்சர் கடை, சாலையோர உணவகம், பெட்ரோல் நிலையம் ஆகியவையே வகுப்பறைகளாயின. எய்ட்ஸ் என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்குவோரை ஓட்டுநர்கள் விலக்கினர். கண் எரிச்சல், முதுகுவலி, சிறுநீர்க் கடுப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்கியோருக்குக் காதுகொடுத்தனர். சிறுநீர்க் கடுப்பைப் பலர் 'சூடு' என்றே கொண்டு இளநீரும் மோரும் குடித்து ஆற்ற முயன்றனர். அது பால்வினை நோயாகவும் இருக்கலாம் என்றும், அந்நோயால் உண்டாகும் புண் எச்.ஐ.வி. உடலில் புகும் வாய்ப்பைப் பெருக்கும் என்றும் விளக்கி, சிகிச்சைக்கு வழிகாட்டிய பின்னரே ஆணுறை பற்றிய பேச்சுக்கு இடம் கிடைத்தது. மருத்துவ உதவி முன்னும் உறை பின்னுமாக வைக்கும் இந்த வரிசை, எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விடக் களமே கற்றுத்தந்த பாடம்.

விற்பனை இடங்களைத் தேர்வதிலும் இதே நுட்பம் வேண்டியிருந்தது. மருந்துக் கடை இரவில் சாத்தப்படும். பகலில் அங்கு நிற்பவர்கள் அக்கம்பக்கத்தார். பீடி, சிகரெட், பாக்கு வாங்கும் பெட்டிக்கடையிலோ, நள்ளிரவிலும் விளக்கெரியும் தேநீர்க் கடையிலோ, அவற்றோடு ஒன்றாக ஆணுறையும் கேட்கப்படும்போது எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரபுசாரா விற்பனை இடங்கள் எனத் திட்ட ஆவணங்கள் குறிப்பிட்ட இவற்றில், இலவச உறைகளோடு, அரசின் மானியம் பெற்றுக் குறைந்த விலையில் விற்கப்படும் உறைகளும் வைக்கப்பட்டன. பின்னது சமூகச் சந்தைப்படுத்தல் எனப்படும். விலை கொடுத்து வாங்கியதை மதிக்கும் மனப்போக்கும், சில்லறை இலாபம் கிடைத்தால் கடைக்காரர் இருப்பு தீருமுன்னரே கேட்டு வாங்கும் வழக்கமும் இம்முறைக்கு வலுவூட்டின. உறைகளை மறைத்து வைத்த கடைகளில் விற்பனை தேங்கியதையும், நெருப்புப் பெட்டிக்கு அருகில் கண்ணில் படும்படி வைத்த கடைகளில் அது நடந்ததையும் களப்பணியாளர் எளிதில் கண்டுகொண்டனர்.

உறையைப் பேணும் முறையும் தொழிலறிவின் பகுதியே. இயற்கை ரப்பர் பாலில் செய்யப்படும் உறை, ஆலையில் மின்னணுத் துளைச் சோதனையும், நீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் சோதனையும், காற்றடைத்து வெடிக்கும் அளவு பார்க்கும் சோதனையும் கடந்தே வெளிவருகிறது. ஆனால் இஞ்சின் வெப்பம் ஏறும் லாரி கேபினிலோ, பல நாள் சட்டைப்பையிலும் பர்ஸிலும் மடங்கியோ கிடந்தால் அதன் வலு குன்றிவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் பட்டால் ரப்பர் விரைவில் நைந்து கிழியும் என்பதால், நீரடிப்படையிலான ஜெல்லியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது இரட்டைப் பாதுகாப்பு என்னும் நம்பிக்கையும் பரவலாக இருந்தது. அப்படி அணிந்தால் உராய்வினால் கிழியும் வாய்ப்பே மிகும். ஆகவே மரத்தாலான மாதிரியுறுப்பைக் கொண்டு, காலாவதி நாளைப் பார்ப்பது, உறையைப் பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழிப்பது, நுனியை அழுத்திக் காற்றை நீக்குவது, அடிவரை உருட்டி அணிவது, விறைப்பு தளருமுன் அடியைப் பிடித்து அகற்றுவது, முடிச்சிட்டுக் குப்பையில் சேர்ப்பது எனப் படிப்படியாகச் செய்துகாட்டுவர். பார்ப்பவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் அவரையே செய்யச் சொல்வது அனுபவமுள்ளோர் வழக்கம். தலையாட்டியவர்களில் பலர் உறையைத் தலைகீழாகப் பொருத்துவது அப்போதுதான் தெரியவரும்.

மறுக்கும் வலு

பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடம் நிலைமை வேறு. அணிய வேண்டியவன் ஆண். அணியாவிட்டால் இழப்பு பெரிதும் பெண்ணுக்கு. கூடுதல் பணம் தருகிறேன், உறை வேண்டாம் என்பவனை, வீட்டில் அடுப்பெரிய வேண்டிய நாளில் திருப்பியனுப்பும் வலு அவளுக்கு எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. தாய்லாந்து இதற்கு ஆணையால் விடை காண முயன்றது: 1989இல் ராட்சபுரி மாநிலத்தில் தொடங்கி 1991இல் நாடெங்கும் விரிந்த 'நூறு விழுக்காடு ஆணுறை' திட்டம், உறையின்றிச் சேவை இல்லை என்பதை விடுதி உரிமையாளர்களின் பொறுப்பாக்கியது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா 1992இல் தொடங்கிய பணி, அப்பெண்களையே பணியாளர்களாக்கி, அவர்களுடைய சங்கத்தின் வழியே அதே விடையை எட்டியது. இரண்டிலும் பொதுவானது, ஒருத்தி மறுத்தால் வாடிக்கையாளன் அடுத்தவளிடம் செல்ல வழியில்லாதபடி எல்லோரும் சேர்ந்து மறுப்பது.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இவ்விரண்டு வழிகளும் அப்படியே பொருந்தவில்லை. இங்குத் தொழில் ஒரு தெருவில் குவிந்திருக்கவில்லை. வீட்டிலிருந்தும், பேருந்து நிலையத்திலும், சாலையோரத்திலும், விடுதியிலுமாகச் சிதறியிருந்த பெண்கள் தம் தொழிலை வெளிக்காட்டாது வாழ்ந்ததால், அவர்களில் ஒருத்தியே மற்றவளைக் கண்டறிய முடிந்தது. 'சக கல்வியாளர்' என்று அழைக்கப்பட்ட, அம்மக்களுள் இருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பணியாளரே திட்டத்தின் உண்மையான முதுகெலும்பு. 'அக்கா' என்றழைக்கப்பட்ட அவர்கள், பூக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நின்று பேசியே பேரம் பேசும் உத்திகளைப் பரப்பினர். தொகை பேசும்போதே உறையையும் பேசிமுடிப்பது, குடிபோதை மிகுந்தவனைத் தவிர்ப்பது, நோய் என்னாமல் கருத்தரிக்கும் அச்சத்தைக் காரணமாகச் சொல்வது ஆகியவை அத்தகையன.

காவல்துறையின் பார்வை இப்பணியை நெடுங்காலம் கடினமாக்கியது. கைப்பையில் ஆணுறை இருப்பதே தொழிலுக்குச் சான்றாகக் கொள்ளப்படும் என்ற அச்சத்தால், பெண்கள் உறைகளைக் கையில் வைத்திருக்க மறுத்து, பூக்காரரிடமோ தேநீர்க் கடையிலோ விட்டுவைத்தனர். உறைகளைச் சுமந்து சென்ற பணியாளரும் விசாரணைக்கு ஆளாயினர். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, பாலியல் தொழிலாளிக்கோ அவருடைய வாடிக்கையாளருக்கோ ஆணுறை வழங்குவது குற்றமாகாது என எடுத்துக்காட்டோடு கூறுகிறது. 2022 மே 19இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என அறிவுறுத்தியது. சட்டம் இவ்வளவு தெளிவாவதற்கு முன்னரே, காவல் நிலையந்தோறும் சென்று அறிமுகம் செய்துகொள்வதும், அடையாள அட்டை பெறுவதும், மாறுதலாகி வரும் ஒவ்வொரு ஆய்வாளரிடமும் முதலிலிருந்து விளக்குவதும் களப்பணியின் எழுதப்படாத விதிகளாயின.

கூவாகத்தின் இரவு

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்படும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழா, இவ்வட்டாரத் தடுப்புப் பணியின் ஆண்டுத் தேர்வாகவே அமைந்தது. பாரதப் போரில் களப்பலியாகும் அரவானை மணப்பதாகக் கருதித் திருநங்கைகள் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்ளும் பௌர்ணமி இரவும், மறுநாள் தேரோட்டத்துக்குப்பின் அரவான் பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தும் சடங்கும் நாடறிந்தவை. நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் அண்டை ஊர் ஆண்களும், வேடிக்கை பார்க்க வரும் இளைஞரும் அதே கூட்டத்தில் கலந்திருப்பர். விழாவுக்கு முந்தைய நாள்களில் விழுப்புரம் நகரத்து விடுதிகள் நிரம்பும். கருத்தரங்கும் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியும் அங்கேயே நடைபெறும்.

ஆண்டு முழுவதும் பல மாநிலங்களில் சிதறி வாழும் ஒரு சமூகம் ஓரிடத்தில் கூடும் இவ்வாய்ப்பைத் தடுப்புத் திட்டங்கள் கூடாரம், பரிசோதனை முகாம், உறை வழங்கல், தெருக்கூத்து எனப் பயன்படுத்திக்கொண்டன. கூடாரத்தில் அமர்ந்து வழங்கியதைக் காட்டிலும், ஜமாத்தின் மூத்தவர்களைக் கொண்டு முன்கூட்டியே வழங்கியதே பயன்பட்டது. ஜமாத் என்பது குருவும் அவரை ஏற்ற சேலாக்களும் சேர்ந்த திருநங்கையரின் குடும்ப அமைப்பு. குரு சொன்னால் சேலா மறுப்பதில்லை. இருட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் நேரம் கிடைக்காது என்பதால், உறையும் ஜெல்லியும் ஒன்றாகக் கட்டிய சிறு பொட்டலமே ஏற்றதாயிற்று. குதவழி உறவில் ஜெல்லியின்றி உறை மட்டும் தருவது கிழியும் வாய்ப்பையும் சேர்த்துத் தருவதாகும். எனினும் விழா இரவின் பணியில் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது: அறிவுரை அனைத்தும் திருநங்கைகளை நோக்கியே சென்றது, அவர்களை நாடி வந்த உள்ளூர் ஆண்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல், காலையில் பேருந்து ஏறித் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர்.

விழாவைச் செய்தியாக்கிய ஊடகங்கள் ஆணுறைப் பெட்டிகளையே படம்பிடித்ததால், வழிபாட்டுக்கு வந்தவர்கள் நோய்ப் பரப்புவோராகச் சித்திரிக்கப்படுகின்றனர் என்ற வருத்தமும் அச்சமூகத்தில் எழுந்தது; அது நியாயமானதே. 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்ததும், 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலின உரிமையை ஏற்றதும், குடும்ப அட்டையும் வீட்டுமனையும் கேட்கும் மக்களிடம் உறையை மட்டும் நீட்டுவது போதாது என்ற தெளிவைப் பணியாளரிடம் உறுதிப்படுத்தின.

எண்ணிக்கையும் வீட்டு வாசலும்

திட்டம் எதுவாயினும் கணக்கு உண்டு. ஒருவருக்கு ஒரு மாதத்தில் எத்தனை உறவுகள் நேர்கின்றன என்று கேட்டறிந்து, அவரே வாங்கிக்கொள்ளும் உறைகளைக் கழித்து, எஞ்சியதை வழங்க வேண்டிய அளவாகக் கொள்வது தேவை மதிப்பீடு எனப்படும். வழங்கிய எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும். பயன்பட்ட எண்ணிக்கை ஏறுவதில்லை. இலக்கை எட்டும் அவசரத்தில் கைநிறைய அள்ளித் தந்தவரைவிட, குறைவாகத் தந்து, அடுத்த வாரம் தீர்ந்துவிட்டதா, யாரிடம் மறுப்பு வந்தது என்று கேட்டவரே உண்மையில் பணி செய்தவர். வாடிக்கையாளரோடு தவறாமல் உறை பயன்படுத்திய பெண்கள், தம்மோடு நிலையாக வாழும் துணைவனோடு அதைத் தவிர்த்தது இத்தகைய விசாரிப்பில்தான் வெளிப்பட்டது. அன்புள்ள இடத்தில் உறை அவநம்பிக்கையின் அடையாளம் என்று அவர்கள் கருதினர்.

திட்டங்கள் கடக்க இயலாது நின்ற எல்லையும் இதுவே. மும்பையில் பல்பீர் பாஷா என்ற கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டு நடந்த விளம்பர இயக்கத்தின் வழியில், 2003இல் தமிழகச் சுவர்களெங்கும் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி எழுந்தது. தேநீர்க் கடைதோறும் அது பேச்சுப் பொருளாகி, எய்ட்ஸ் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் கூச்சத்தை உடைத்தது. ஆனால் புள்ளிராஜா யாரோ ஒருவனாகவே இருந்ததால், தம்மை அவனோடு பொருத்திப் பார்க்காத கணவன்மாருக்கு அக்கேள்வி வேடிக்கையாக முடிந்தது. மகப்பேற்றுப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துக்கு வந்த பெண்களில் தொற்று கண்டறியப்பட்டோருக்கு, கணவன் ஒருவனைத் தவிர வேறு எந்த வழியும் பெரும்பாலும் இருந்ததில்லை. அத்தகைய பெண்ணை ஆணுறை கேட்கும்படி அறிவுறுத்துவது, மணவாழ்வையே பணயம் வைக்கச் சொல்வதாக இருந்தது. கணவனையும் உடன் அழைத்துத் தம்பதியராக ஆலோசனை வழங்கிய ஆலோசகர்களே இதில் ஓரளவு வெற்றி கண்டனர். அறிவுரை மனைவியின் வாயிலிருந்து வராமல் மருத்துவமனையின் விதியாக வந்ததால், சந்தேகத்தின் சுமை அவள் தோளிலிருந்து இறங்கியது.

இந்த உழைப்பின் பயன் ஆய்வுகளில் புலப்பட்டது. இராஜேஷ் குமார் உள்ளிட்டோர் 2006இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கருவுற்ற பெண்களிடையே தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 ஆகக் குறைந்ததைக் காட்டி, பாலியல் தொழில் சார்ந்த உறவுகளில் ஆணுறைப் பயன்பாடு கூடியதை அதற்கு வாய்ப்புள்ள காரணமாகக் கொண்டது. 2021இல் இந்திய அளவில் வயது வந்தோரிடையே தொற்று 0.21 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது.

இன்று புறவழிச் சாலைகளும் சுங்கச்சாவடிகளும் லாரிகள் நிற்கும் இடங்களை மாற்றிவிட்டன. பேருந்து நிலையத்தில் நடந்த சந்திப்புகள் கைப்பேசிக்குள் சென்றுவிட்டதால், களப்பணியாளர் தேடிச் செல்லும் இடங்களின் வரைபடம் பயனிழந்து வருகிறது. கூட்டு மருந்து சிகிச்சையை ஒழுங்காக மேற்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பது நிறுவப்பட்டுள்ளது. அம்மருந்து சிபிலிஸ், கொனோரியா ஆகியவற்றைத் தடுக்காது என்பதாலும், தம் தொற்றை அறியாதோர் இன்னும் இருப்பதாலும் ஆணுறையின் தேவை நீங்கவில்லை. அச்சம் குறைந்த காலத்தில் அதைக் கேட்கச் செய்வது முன்னிலும் கடினம். புதிதாக இப்பணிக்கு வருவோர் கைப்பேசிச் செயலியைக் கற்பதோடு, பஞ்சர் கடையிலும் ஜமாத்திலும் ஆலோசனை அறையிலும் மூத்த பணியாளர் திரட்டிய அறிவையும் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு சூழலிலும் கேட்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கண்டறிந்து அந்த அச்சத்தை முதலில் அகற்றுவது என்ற அவ்வறிவு, எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாமல் பணியாளரின் நினைவில் மட்டுமே இருப்பதால், அவர்கள் ஓய்வுபெறுமுன் எழுதிவைக்கப்பட வேண்டியதாகும்.